புகைக்கு உரிமம், ஆவிக்குச் சிறையா?



இந்திய அரசாங்கம் 2019ஆம் ஆண்டில் மின்சிகரெட்டை முற்றாகத் தடைசெய்து சட்டமியற்றியது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவும் குற்றம். முதற் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறை, ஓர் இலட்சம் ரூபா வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் அதே கடைத்தெருவில் சிகரெட்டும் பீடியும் தாராளமாக விலைப்படுகின்றன. நிக்கோட்டின் மனிதனை அடிமைப்படுத்துவது. அவனைப் புற்றுநோய்க்கு இரையாக்குவதோ, பெரும்பாலும் புகையிலை எரிந்தெழும் புகை. புகையை விட்டு ஆவிக்கு மாறியவன் கேட்கிறான்: "கொடியதை விற்க உரிமம்; அதனினுங் குறைந்ததை விற்றாற் சிறையா?" இதற்கு விடை யாது?

ஆவியும் தீங்கற்றதன்று. பள்ளிச் சிறுவரை அது பற்றிக்கொள்ளும் என்ற அச்சமும் பொய்யன்று. ஆயினும் பிரித்தானியா வேறு வழி கண்டது. நிக்கோட்டினை மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குள் அடக்கியது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதை விலக்கியது. ஒருமுறை பாவித்தெறியுங் கருவிகளை 2025 யூன் 1ஆந் திகதி தொட்டுத் தடுத்தது. வளர்ந்தோர் புகையை விட்டகலும் வழியையோ அடைக்கவில்லை.

அன்பர்களே! சிறுவரைக் காப்பது அரசின் கடமை, மறுப்பார் இல்லை. ஆனால் தீங்கின் அளவே தடையின் அளவாதல் வேண்டும். சிறிய வாயிலை அடைத்துப் பெரிய வாயிலைத் திறந்து வைப்பது காவலாகாது.