எங்கள் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது?
அளவெட்டியில் மீளக்குடியமர்ந்த குடும்பங்களுக்காக ஆற்றிய உரை



ஊருக்குத் திரும்பிய இடங்களில் கூட்டம் வைக்கும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். வளவில் திடீரென்று ஒரு குழி விழுந்திருக்கும், அல்லது நிலம் வெடித்திருக்கும். "இதுக்குள்ளால எரிமலை வருமா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்தக் குழி ஏன் வந்தது என்று கேட்டால் பெரியவர்களில் பலருக்கும் மறுமொழி இல்லை. அதனால் பிள்ளைகளின் கேள்வியிலேயே தொடங்குகிறேன்.

எரிமலை எல்லா இடத்திலும் வருவதில்லை. பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. பெரிய பெரிய தட்டுகளாக உடைந்து, வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தட்டு இன்னொன்றின் கீழே செருகும் இடத்தில், ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிறது. அந்தக் குழம்பு பக்கத்துப் பாறையைவிடப் பாரம் குறைந்தது. ஆகவே மேலே வரப் பார்க்கும். அதற்குள் கரைந்திருக்கும் நீராவியும் வாயுக்களும், சோடாப் போத்தலைத் திறந்ததும் நுரை பொங்குவதுபோலப் பொங்கி வெடிக்கும்.

எங்களுக்குக் கிட்டவாக எரிகிற எரிமலை அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. அளவெட்டியிலிருந்து ஏறக்குறைய 1,500 கிலோமீற்றர் கிழக்கே இருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அடங்கிக் கிடந்துவிட்டு 1991இல் மீண்டும் கக்கியது. அங்கே ஆட்கள் குடியிருப்பதில்லை. இலங்கை தட்டின் ஓரத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. கன்னியாவில் வெந்நீர் ஊறுகிறதே என்று சிலர் கேட்பார்கள். மழைநீர் ஆழமான வெடிப்புகளால் இறங்கி, அங்குள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அதற்கு எரிமலை தேவையில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது உங்களுக்கு விளங்கும். இந்தோனேசியாவின் மெராப்பி மலை 2010இல் வெடித்தபோது 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மூன்றரை இலட்சம் பேர் அளவில் இடம்பெயர்ந்தார்கள். எச்சரிக்கை இருக்கும்போதே பலர் மாட்டுக்குப் புல்லுப் போட என்று பகலில் திரும்பிப் போனார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. எரிமலைச் சாம்பல் காலப்போக்கில் நல்ல மண்ணாகிறது. அந்த மண்ணில் வேரோடியவர்களுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. தறப்பாளுக்குள் இருந்துகொண்டு, ஊரில் விட்ட மாட்டை நினைத்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது எங்கள் நிலத்துக்கு வருவோம்.

வலிகாமத்தின் செம்மண்ணைத் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே கல் தட்டும். அது சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று சொல்லப்படும் காலத்தில், அதாவது கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னர், இந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தது. சிப்பி, சோகி, முருகை போன்ற கடலுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து இறுகிக் கல்லானது. காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வைத்ததும் இந்தக் கல்லை நம்பித்தான். நெருப்பில் பிறந்த நிலம் அங்கே, கடலில் பிறந்த நிலம் இங்கே.

இந்தக் கல்லுக்கு ஒரு குணம் உண்டு: தண்ணீரில் கரையும். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்து மெல்லிய புளிப்பாகிறது. அது கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, ஆயிரமாயிரம் வருடங்களாக அரித்து, குழாய்களையும் குகைகளையும் உண்டாக்கியிருக்கிறது. குகையின் கூரை பாரம் தாங்காமல் இறங்கினால் மேலே குழி விழும். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரை அப்படி வந்ததுதான். அதில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் மிதக்கும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். தேசிக்காய் போய்ச் சேருமோ தெரியாது. ஆனால் நிலத்துக்குக் கீழே தண்ணீர் ஊர்விட்டு ஊர் ஓடுகிறது என்ற விஷயத்தைப் பாட்டிமார் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். கடற்கரையில் கீரிமலையில் நன்னீர் ஊறுவதும் இதனாலேயே.

நிலாவரையில் இன்னொரு பாடம் இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. குடாநாடு முழுவதும் இதுதான் நிலைமை. நன்னீர் பாரம் குறைந்ததால் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் அரை அடி இறங்கி அப்படியே நின்றுவிட்டால், கீழேயிருந்து உப்பு 20 அடி ஏறிவிடும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு தானாக ஓய்வெடுத்தது. வோட்டர் பம்முக்கு ஓய்வு தெரியாது. "வருடக்கணக்கா இறைக்காத கிணறு, நல்லா ஊறியிருக்கும்" என்று சொல்லி நாள் முழுக்க இறைக்காதேயுங்கள். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறையுங்கள். ஆழ்குழாய்க் கிணறு அடிக்கச் சொல்லி யாராவது வந்தால் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் என்பது இந்த ஊருக்குப் பொருந்தாத பேச்சு.

பாழடைந்த கிணற்றைத் துப்புரவாக்குவது பற்றி இரண்டு எச்சரிக்கை. முதலாவது, உள்ளே வெடிபொருள் போடப்பட்டிருக்கலாம். சேற்றில் இரும்பாக எது தெரிந்தாலும் கைவைக்காமல், இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம அலுவலரிடமோ பொலிஸாரிடமோ சொல்லுங்கள். நிலத்தில் காரணமில்லாமல் புகை வந்தாலும் இதே நடைமுறைதான். எரிமலை இல்லை, ஆனால் புதைந்த குப்பையாகவும் இருக்கலாம், அதைவிட மோசமானதாகவும் இருக்கலாம். கிட்டப் போகவேண்டாம். இரண்டாவது, மூடிக்கிடந்த கிணற்றின் அடியில் மூச்சுக்காற்று இல்லாமல் போகலாம். ஒருவர் இறங்கி மயங்க, அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கி, இருவரும் இறக்கும் சம்பவங்கள் இப்படித்தான் நடக்கின்றன. பெற்றோல் பம்மை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டவேண்டாம். அதன் புகைக்கு மணம் குறைவாக இருந்தாலும் ஆளைக் கொல்லும். துப்புரவாக்கிய பிறகு குளோரின் இடுவதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள்.

அடுத்தது மலசலகூடம். வீட்டுத்திட்டத்தில் முதலில் கட்டுவது அதுதான், அவசரத்தில் பிழைவிடுவதும் அதில்தான். மணல் நிலத்தில் கழிவுநீர் மெல்ல வடிந்து ஓரளவு சுத்தமாகும். எங்கள் கல்லில் வடிகட்டல் இல்லை; ஒரு வெடிப்பு அகப்பட்டால் அது நேரே கிணற்றுக்குப் போகும் வாய்க்கால். கிணற்றிலிருந்து 50 அடி என்பது வழமையாகச் சொல்வது. கல் மேலே தெரியும் வளவில் அதற்கும் கூடுதலாக விடுங்கள், அடைத்துப் பூசிய தொட்டியாகக் கட்டுங்கள். உங்கள் கிணற்றிலிருந்து மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் இருக்கும் கிணற்றையும் அளக்கவேண்டும். சுன்னாகத்துப் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் நிலத்துக்குள் போனது எத்தனை வளவுகளுக்குப் போனது!

கழிவும், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் உரமும் சேர்ந்து தண்ணீரில் நைத்திரேற்றைக் கூட்டுகின்றன. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இரத்தம் பிராணவாயுவைக் கொண்டுபோக முடியாமல் பிள்ளை நீலம்பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது செறியும். புட்டிப்பால் கரைக்கும் தாய்மார் கிணற்றுநீரைச் சோதித்த பிறகே பாவியுங்கள்.

கடைசியாக, அந்தக் குழி. பெருமழைக்குப் பிறகும், கடும் கோடையில் நீர்மட்டம் இறங்கும்போதும் நிலம் இறங்கக்கூடும். வட்டமாக வெடிப்பு விடுதல், பனையோ வேலிக்கதியாலோ ஒருபக்கம் சரிதல், மழைவெள்ளம் ஓரிடத்தில் சுழித்து மறைதல் ஆகியவை முன் அடையாளங்கள். வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுமுன் அயலில் உள்ள வயதானவர்களைக் கூட்டிவந்து, முன்னர் அந்த இடத்தில் கிணறோ கிடங்கோ இருந்ததா என்று கேளுங்கள். வருடக்கணக்கில் பற்றை மூடிய வளவில் அது கண்ணுக்குத் தெரியாது. குழி விழுந்தால் பிள்ளைகள் போகாதபடி சுற்றிவரக் கயிறு கட்டி, கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். சிறிய குழியென்று அவர்கள் பார்த்துச் சொன்னால், அடியில் பெரிய கல், அதன்மேல் சிறிய கல், பிறகு மணல், மேலே களி என்று நிரப்பவேண்டும். வெறும் மண்ணைக் கொட்டினால் அடுத்த மாரிக்கு அதுவும் உள்ளே போய்விடும். குப்பையை மட்டும் கொட்டவே வேண்டாம். அது யாருடைய கிணற்றில் கரையும் என்று இங்கிருந்து சொல்ல முடியாது.