11ஆம் எண் கூண்டு ஏறிய பிறகு
(விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விழா நாளில் புயலைப் பற்றிப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் கடலை வாசலாகக் கொண்ட நாம் எல்லோரும் ஒரே இடத்தில் கூடுவது இத்தகைய நாளில்தான். ஆகவே இன்றே பேசிவிடுவோம்.

நாகைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதை நாம் சிறு வயது முதல் பார்த்து வருகிறோம். 1, 2 என்றால் புயல் சின்னம் தூரக் கடலில். 3, 4 என்றால் நம் பக்கம் காற்று பலக்கும். 5 முதல் 7 வரை அபாயம். 8, 9, 10 பேரபாயம். அதற்கும் மேலே 11 ஒன்று உண்டு. அது 10ஐ விடப் பெரிய புயல் என்று பலரும் நினைப்பதுண்டு. அப்படியன்று. வானிலை நிலையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். அதாவது, இனி வெளியிலிருந்து யாரும் நமக்குச் சொல்ல முடியாது. இங்குள்ளவர்களே முடிவு செய்ய வேண்டும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் நேர்ந்தது அதுதான். கம்பிகள் அறுந்தன, பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில் கடல் அலையில் மூழ்கி, அதில் இருந்தோர் மாண்டனர். ஊரே அழிந்த செய்தி வெளியுலகுக்குத் தாமதமாகத்தான் எட்டியது.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அதன் மறு ஆண்டில், 2005இல், பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டந்தோறும் ஓர் ஆணையம் உண்டு. கலெக்டர் தலைவர், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதி இணைத் தலைவர், போலீஸ் சூப்பரிண்டெண்டும் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரியும் உறுப்பினர்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு பலருக்கும் தெரியாது. ஊராட்சியும் நகராட்சியும் தம் பணியாளருக்குப் பயிற்சி தர வேண்டும், மீட்புக்கு வேண்டிய பொருள்களை எந்நேரமும் பயன்படும் நிலையில் வைத்திருக்க வேண்டும், தம் எல்லையில் எழும் கட்டடங்கள் விதிப்படி எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே புயல் வேலை கலெக்டர் ஆபீஸ் வேலை மட்டுமன்று, ஊராட்சி மன்றத்தின் வேலையுங்கூட.

எச்சரிக்கை எந்த வழியாக வருகிறது? வானிலை நிலையம் சுமார் 72 மணி நேரத்துக்கு முன் முதல் அறிவிப்பைத் தருகிறது. 48 மணிக்கு முன் மஞ்சள் நிலை, 24 மணிக்கு முன் ஆரஞ்சு நிலை, கரை கடக்க 12 மணி இருக்கையில் சிவப்பு. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு எண் 1077, மாநிலத்துக்கு 1070. அங்கிருந்து தாசில்தார், அவரிடமிருந்து கிராம நிர்வாக அலுவலர், பிறகு தலையாரி. 1980 வரை இந்தக் கடைசிக் கண்ணி நம் ஊர்க் கர்ணமும் மணியக்காரரும்தான். அவர்களைப் பற்றிக் குறை சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனாலும் எந்தக் குடிசையில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று அதைத் தெரிந்து வைத்திருப்பது யார்?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்கு அழைத்துச் சென்றிருந்தார்கள். அந்தக் காரியம் நன்றாகவே நடந்தது. பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும். அப்படியும் 60க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னை சாய்ந்தது, மின்கம்பம் சாய்ந்தது, செல்பேசி ஊமையாயிற்று. உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு உதவி வந்து சேர நாட்களாயின. மக்கள் சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். மேலிருந்து உதவி வரும்வரை ஊர் தன் காலில் நிற்க வழி செய்யாததே குறை. தண்ணீர் தொட்டிக்கு நீரேற்ற ஒரு ஜெனரேட்டர், அதற்கு டீசல், சாய்ந்த மரத்தை அறுக்க ரம்பம் என்று சில்லறைச் சாமான்கள்தாம். ஆனால் அவை இல்லாத ஊர்களில் கைக்குழந்தைக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கிடையாது.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கி வந்தது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஆழ்கடலுக்குப் போயிருந்த நம் சகோதரர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. தாழ்வு மண்டலம் வெகு விரைவில் புயலாக மாறியது. எச்சரிக்கை கரைக்கு வந்தபோது அவர்கள் பல நாள் தொலைவில் இருந்தார்கள். அதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகளை விசைப்படகுகளில் பொருத்தும் வேலை சூடுபிடித்தது. நல்லதுதான். ஆனால் எந்தப் படகில் யார் யார் போனார்கள் என்ற பெயர்ப் பட்டியல் கரையில் இல்லாவிட்டால், தேடுகிறவன் எத்தனை பேரைத் தேடுவான்? பங்காளிகளாய் மாறி மாறித் தொழிலுக்குப் போகும் நம் வழக்கத்தில் இது எளிதில்லை. எளிதில்லை என்று விட்டுவிடவும் முடியாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. முகாமுக்கு வரத் தயங்குகிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தான். ஆடு என்னாவது, வலை என்னாவது, பட்டா எங்கே, நகை எங்கே என்ற கவலை. மேலும் முகாமில் பெண்களுக்குக் கதவுள்ள கழிப்பிடம் இல்லை என்ற நியாயமான கோபமும் உண்டு. இதைக் கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நம் மாநிலத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் சொன்னது காற்றோடு போகும்.

நம் பங்கில் செய்யக்கூடியவற்றையும் இப்போதே தீர்மானித்துக்கொள்வோம். தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகச் சென்று முதியோர், கர்ப்பிணிகள், நடக்க இயலாதவர்கள் பெயரை எழுதி ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒவ்வொரு படி கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், அதாவது அக்டோபருக்குள், இது முடிய வேண்டும். மின்சாரம் போனால் கோயில் மணியே நம் கூண்டு; அபாய மணியைப் பூசை மணியிலிருந்து வேறு விதமாக அடிக்க வேண்டும், அந்த அடி சாதி மத வேறுபாடில்லாமல் ஊர் முழுவதற்கும் தெரிந்திருக்க வேண்டும். பங்கு மன்றம் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

கடைசியாக, மன்றத்தின் சாவி. இப்போது அது ஒருவரிடம் மட்டும் இருக்கிறது. அவர் வெளியூர் போனால் பூட்டை உடைக்க வேண்டியதுதான். நாளைக்கே இரண்டு சாவிகள் செய்து, ஒன்றைக் கடற்கரைத் தெருவிலும் மற்றொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வைக்க ஏற்பாடு செய்வோம்.