தாய்ப்பலகையைத் தேர்ந்தெடுத்தல்



தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினிச் சந்தை என்று, உத்தியோகத்தின் பொருட்டு நாம் குடியேறிய பெருநகர் ஒவ்வொன்றிலும் கணிப்பொறி உறுப்புகள் விற்கும் கடைத்தெரு ஒன்று உண்டு. பிள்ளைகளின் வற்புறுத்தலுக்கு இணங்கி அத்தெருவினுள் நுழைந்த குடும்பத்தலைவர், செயலி இன்னது, நினைவகம் இவ்வளவு என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போயிருப்பார். ஆனால், "மதர்போர்டு எது வேண்டும்?" என்று கடைக்காரர் இந்தியில் வினவியதும், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தை நோக்குவார். பிள்ளை சுட்டுவது அலமாரியின் மேல்தட்டிலுள்ள விலைமிக்க பெட்டியாக இருக்கும். கடைக்காரர் எடுத்து நீட்டுவது வேறொன்றாக இருக்கும். எதனால் ஒன்று மற்றொன்றைவிட மூன்று மடங்கு விலை என்று கேட்டால், இருவரும் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களையே படித்துக் காட்டுவர்.

மதர்போர்டு என்பதைத் தாய்ப்பலகை என்று தமிழாக்கிக்கொண்டோம், அச்சொல் நிலைத்துவிட்டது. ஓவர்கிளாக்கிங் என்னும் சொல்தான் மொழிபெயர்ப்பாளனுக்குத் தொல்லை தருவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கடிகாரத்தின்மேல் ஏறுவதுபோல் ஆகிவிடும்! செயலி ஒரு வினாடியில் இத்தனை கோடி முறை துடித்து வேலை செய்கிறது. அத்துடிப்பை, ஆக்கியோர் குறித்த அளவுக்கு மேல் விரைவுபடுத்துவதே ஓவர்கிளாக்கிங். ஆகவே இப்பேச்சில் அதனைத் துடிப்பேற்றம் என்று வழங்குவோம். துடிப்பேற்ற விரும்பும் ஆர்வலர், தாய்ப்பலகைகளை எதைக்கொண்டு ஒப்பிட வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இக்கலை செழித்த காலம் ஒன்று இருந்தது. 1998ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்னும் மலிவான செயலியை வெளியிட்டது. பலகை தரும் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், செயலி அதனை நாலரையால் பெருக்கிக்கொள்ளும், விடை 300. பெருக்கெண்ணை மாற்ற இயலாது. ஆனால் அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கிவிட்டால்? விடை 450. அந்நாளில் அதே வேகமுள்ள பென்டியம் இரண்டின் விலை மிகப் பெரிது. அபிட் நிறுவனத்தின் பிஎச்6 என்னும் பலகை, சிறு ஊசிகளைப் பிடுங்கி மாற்றும் வேலையை ஒழித்து, இத்தகைய மாற்றங்களைத் திரையிலேயே செய்ய வழி வகுத்தது. மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தவும் இடம் கொடுத்தது. அப்போது கல்லூரி மாணவராக இருந்த நாம், கலைப்பிரிவில் பயின்றவராயினும், இச்செய்தியைக் கேட்டுப் பெற்ற களிப்பு இன்றும் நினைவில் உள்ளது. ஒன்றரை மடங்கு வேகம் இலவசமாகக் கிடைத்தது.

இன்று அத்தகைய கொடை இல்லை. இக்காலச் செயலிகள் ஆலையிலேயே தம் எல்லைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன. வல்லவர் ஒருவர் முயன்றாலும் பெரும்பாலும் நூற்றுக்குச் சில பங்கே கூடுதலாகப் பெறுவார். அப்படியிருக்க, துடிப்பேற்றத்திற்கென்றே செய்யப்பட்ட பலகைகளின் விலை மட்டும் ஏன் ஏறிக்கொண்டே போகிறது? அவ்விலையில் எப்பகுதி உழைக்கிறது, எப்பகுதி ஒப்பனை? இதை நாம் நம் பணத்தைச் செலவழித்தே கற்றோம்.

கட்டடக்கலை பயிலும் நம் மகளுக்காக 2023ஆம் ஆண்டில் ஒரு கணிப்பொறி சேர்த்தோம். பதினாறு கருக்கள் கொண்ட செயலி. அதனைக் குளிர்விக்க நீர் ஓடும் குழாய்ச் சாதனம். இவ்விரண்டிலும் கை தாராளமாக ஓடிவிட்டபடியால், பலகையில் சிக்கனம் பிடித்தோம். மே மாதத்தில், ஒப்படைப்புக்கு முந்தின இரவு, அவள் வரைந்த கட்டடத்தின் படங்களைத் தீட்டும் வேலையைப் பொறியிடம் ஒப்புவித்தாள். அரைமணி நேரம் ஓடிற்று. பிறகு வேகம் பாதிக்கும் கீழே விழுந்தது. செயலியின் வெப்பத்தைப் பார்த்தால் 60 பாகைதான். ஒரு குறையும் இல்லை. கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தோம். தூசி துடைக்கச் சொன்னார். துடைத்தோம். நள்ளிரவில் மகள் பக்கத் தகட்டைக் கழற்றி, செயலியின் அருகே கையைக் கொண்டுபோனவள், "அப்பா, இங்கே அடுப்புப்போல் இருக்கிறது" என்றாள். கூடத்திலிருந்த மேசை விசிறியைக் கொணர்ந்து அவ்விடத்தை நோக்கித் திருப்பினோம். சில நிமிடங்களில் வேகம் மீண்டது. ஆயினும் இழந்த மணிகள் இழந்தவையே. காலையில் அவள் இரண்டு படங்கள் குறைவாகத்தான் ஒப்படைத்தாள்.

நடந்தது யாதெனில், செயலிக்கு வேண்டிய மின்சாரம் ஏறத்தாழ 1.2 வோல்ட் அழுத்தத்தில் வேண்டும். பொறியின் மின்பெட்டி தருவதோ 12 வோல்ட். இடையே நின்று 12ஐ 1.2 ஆக இறக்குவது, தாய்ப்பலகையில் செயலியைச் சூழ்ந்திருக்கும் சீராக்கி. வி.ஆர்.எம். என்பர். அழுத்தம் குறையும்போது ஓட்டம் பெருகும். 240 வாட் கேட்கும் செயலிக்கு 1.2 வோல்ட்டில் 200 ஆம்பியர் மின்னோட்டம் செல்ல வேண்டும். நம் வீடுகளில் வெந்நீர்க் கொதிகலனுக்கென்று சுவரில் பொருத்தும் பெரிய மின்செருகியின் தாங்கும் அளவு 16 ஆம்பியர் என்பதை எண்ணினால், உள்ளங்கையளவு இடத்தில் நடக்கும் இவ்வேலையின் பெருமை விளங்கும். சீராக்கி நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு திறமையுடன் செயற்படினும், 25 வாட்டுக்கு மேல் வெப்பமாகப் பலகையிலேயே தங்கும். வானொலிப்பெட்டி பழுதுபார்ப்போர் கையிலுள்ள ஈயப்பற்றுக் கோலும் ஏறத்தாழ அதே 25 வாட்தான்! அவ்வெப்பத்தை ஏந்தும் உலோகக் கவசம் எங்கள் பலகையில் இல்லை. சாதாரண விசிறி பொருத்தியிருந்தால் அதன் காற்றாவது பக்கத்தில் வீசியிருக்கும். நீர்க்குழாய்ச் சாதனம் செயலியை மட்டும் குளிர்வித்துவிட்டு, அண்டையில் எரிந்ததைத் திரும்பியும் பார்க்கவில்லை. சீராக்கி தன்னைக் காத்துக்கொள்ளச் செயலியின் வேகத்தைக் குறைத்தது. பலகை கெட்டதன்று, அதன்மேல் ஏற்றிய சுமைதான் தகாதது. தவறு நம்முடையதே.

எனவே, பலகைகளை ஒப்பிடும்போது முதலிற் காண வேண்டியது இச்சீராக்கியும் அதன்மேலுள்ள உலோகக் கவசமுமே. பல்லக்கை எத்தனை பேர் சுமக்கின்றனரோ அத்தனைக்கு ஒவ்வொருவர் தோளிலும் பாரம் குறைவதுபோல, மின்னோட்டத்தைப் பல கிளைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. இக்கிளைகளை ஃபேஸ் என்பர். மும்முனை மின்சாரம் என்று நாம் சொல்லும் வழக்கையொட்டி முனை எனலாம். பெட்டியின்மேல் '16 முனை' என்று பொறித்திருப்பதை அப்படியே நம்பிவிடுதல் கூடாது. எட்டு முனைகளை இரட்டித்துப் பதினாறு என்று கணக்குக் காட்டுவதும் இத்தொழிலில் வழக்கமே. அன்றியும், ஒவ்வொரு முனையும் 90 ஆம்பியர் தாங்கும், அவை பதினாறு என்றால் 1,440 ஆம்பியர் ஆகிறது. வீட்டில் வைத்து ஓட்டும் எந்தச் செயலியும் அதில் நான்கில் ஒரு பங்கைக் கேட்பதே அரிது. திரவ நைட்ரஜனை ஊற்றி உலகச் சாதனை நிகழ்த்துவோர்க்கு அது பயன்படலாம். தலா 60 ஆம்பியர் தாங்கும் எட்டு நல்ல முனைகளும், பளுவான உலோகக் கவசமும் நம் போன்றோர்க்குப் போதும்.

இன்னொன்றும் மறவாதிருத்தல் நலம். பலகைகளைச் சோதித்து எழுதும் மேனாட்டார் பெரும்பாலும் 20 அல்லது 25 பாகை வெப்பமுள்ள அறையில் சோதிக்கின்றனர். தில்லியிலோ நாகபுரியிலோ கோடையில் 42 பாகையில் வாழ்வோர், அவர் கூறும் வெப்ப அளவுடன் ஏறத்தாழ 20ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது அனுமதி. எவ்வளவு வலிய சீராக்கி இருப்பினும், பலகையின் சிப்செட் இடம்கொடாவிட்டால் துடிப்பேற்றம் நடவாது. இன்டெல் நிறுவனத்தின் இசட் வரிசைப் பலகையும், பெயரின் இறுதியில் கே எழுத்துள்ள செயலியும் கூடினால்தான் பெருக்கெண்ணை உயர்த்தலாம். பி வரிசையில் 2021 முதல் நினைவகத்தை மட்டும் விரைவுபடுத்தலாம். ஏ.எம்.டி. நிறுவனம் இவ்வகையில் தாராளமானது. பி, எக்ஸ் ஆகிய இரு வரிசைகளிலும் அனுமதி உண்டு. ஏ620 போன்ற கடைநிலைப் பலகைகளில் செயலிக்கு இல்லை. 2022இல் வந்த எக்ஸ்670 பலகையில் இருப்பது, பி650இல் ஒன்றாக உள்ள அதே சில்லின் இரண்டு பிரதிகளே. இரண்டாம் சில்லால் இணைப்புவாய்கள் பெருகுமேயன்றித் துடிப்பு ஒரு மெகாஹெர்ட்ஸும் கூடாது.

இனி, நம் கருத்தில் எல்லாவற்றினும் முதன்மையான செய்திக்கு வருவோம். முன்னாளில் துடிப்பேற்றம் மனிதன் அறிந்து செய்த செயல். இந்நாளிலோ, பலகையே அதனைக் கேளாமற் செய்துவிடுகிறது! போட்டிப் பலகையைவிட ஒரு புள்ளி மிகுதியாகக் காட்ட வேண்டும் என்னும் ஆசையால், ஆக்கியோர் தொடக்க அமைப்பிலேயே எல்லைகளை அவிழ்த்துவிடுகின்றனர். கோர் ஐ9 14900கே செயலிக்கு இன்டெல் குறித்த உச்ச ஆற்றல் 253 வாட். பல பலகைகளில் அவ்விடத்தில் 4,096 வாட் என்று எழுதப்பட்டிருந்தது. வரம்பே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இதன் விளைவு கதையன்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில, பொருத்துவாயோடு கருகின செய்தி வெளியாயிற்று. எக்ஸ்போ என்னும் நினைவக வேக அமைப்பை இயக்கியவுடன், பலகைகள் எஸ்.ஓ.சி. என்னும் பகுதிக்கு அளவுக்கு மீறிய அழுத்தம் கொடுத்தமை தெரியவந்தது. 1.3 வோல்ட்டுக்கு மேற்போகாதவாறு புதிய பயாஸ் வெளியிடப்பட்டது. 2024இல், இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல நிலைகுலைந்தன. முதன்மைக் குற்றம் செயலியின் நுண்ணாணைகள் மிகையழுத்தம் கேட்டதே. எனினும் இன்டெல் எடுத்துரைத்த நான்கு காரணங்களில், அதன் ஆற்றல் வரம்பைப் பலகைகள் மீறியதும் ஒன்று. ஆகஸ்டில் 1.55 வோல்ட் என்னும் உச்சவரம்பு வந்தது. உத்தரவாதம் இரண்டாண்டு நீட்டப்பட்டது. ஏற்கெனவே தேய்ந்துவிட்ட செயலியை எந்தப் புதிய பயாஸும் சீராக்காது என்பதே இதில் வருந்தத்தக்கது.

ஆகையால், ஒரு பலகையை மற்றொன்றுடன் ஒப்பிடும்போது, எது எவ்வளவு ஓடுகிறது என்பதோடு, ஒன்றும் தொடாத நிலையில் எது எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்றும் கேட்க வேண்டும். விமர்சனங்களில் இவ்வினாவுக்கு விடை தருபவையே நம் காலத்திற்குத் தகுதியானவை. பயாஸ் புதுப்பிப்பை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வெளியிடுகிறாரா என்பதும் ஆக்கியோரின் நாணயத்தைக் காட்டும். செயலி பொருத்தாமலே பயாஸை மாற்றும் பொத்தான் ஒன்றிருந்தால், அதற்காகச் சிறிது கூடுதல் கொடுக்கலாம். ஒளிரும் விளக்குகளுக்கும், பின்புறக் கவசத்தில் தீட்டிய பறவை விலங்குகளுக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

நினைவகத்தைப் பற்றியும் ஒரு சொல். நினைவக வேகத்தில் சாதனை புரிவதற்கென்றே செய்த பலகைகளில் நான்கு பொருத்துவாய்களுக்குப் பதிலாக இரண்டே இருக்கும். அதிக விலைக்குக் குறைந்த வாய்களா என்று வியக்க வேண்டா. செம்புத்தடம் குறுகியதாகவும் கிளையற்றதாகவும் இருந்தால் குறிப்பலைகள் சிதையாமற் செல்லும். நான்கு வாயுள்ள பலகையிலும் இரண்டு தண்டுகளே இடுவது நன்று. ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. உறுதிகூறிய வேகம், இரண்டு தண்டுகளுக்கு 5200. நான்காக நிரப்பினால் 3600. செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது வாய்களில் அவற்றைச் செருகுக. பின்னாளில் சேர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது ஒன்று, பிறகு ஒன்று என வாங்குவது நம் இல்லங்களின் வழக்கம். இதில் அது ஒவ்வாது.

எங்கள் வீட்டில், பிறகு நடுத்தர விலையில் கவசமுள்ள பி650 பலகையும் அதற்கேற்ற செயலியும் வாங்கினோம். மகள் துடிப்பை ஏற்றவில்லை. கர்வ் ஆப்டிமைசர் என்னும் அமைப்பால் அழுத்தத்தைச் சிறிது குறைத்தாள். வெப்பம் தணிந்தது, வேகமும் ஓரளவு மிகுந்தது. பழைய பலகையில் 65 வாட்டுக்குரிய ஆறு கருச் செயலியைப் பொருத்தி, நம் மொழிபெயர்ப்பு வேலைக்கு வைத்துக்கொண்டோம். இரண்டு கோடைகளாக ஒரு குறையுமின்றி ஓடுகிறது. மேசை விசிறி கூடத்திற்குத் திரும்பிவிட்டது.