பழுப்பின் மேல் பழுப்பு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எலக்ட்ரானிக்ஸ் படித்தவனுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனையில் என்ன வேலை என்று பல பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்லைடுகளுக்குத் தானாகவே சாயம் ஏற்றும் மெஷினை நிறுவிப் பராமரிப்பது என் வேலை. பேத்தாலஜி டாக்டர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக் கற்றதைத்தான் சொல்லப் போகிறேன்.

தோலுக்கு நிறம் தருவது மெலனோசைட் செல்கள். அவற்றில் வரும் புற்றுநோய் மெலனோமா. அது வெள்ளைக்காரர் நோய், நமக்கு எங்கே வரப் போகிறது என்று இருந்துவிட வேண்டாம். நம்மைப் போன்ற நிறத்தவர்க்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி என்று வெயில் அதிகம் படாத இடமாகப் பார்த்து வரும். ஆணிக்கால், ஆறாத புண் என்று நாளைக் கடத்தி, தொடை இடுக்கில் கட்டி கிளம்பிய பிறகு வருகிறவர்கள் உண்டு. அந்தக் கட்டியில் மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களை ஸ்லைடில் தடவிப் பார்ப்பார்கள். நிறமி தெரிந்தால் சந்தேகம் உடனே வரும். ஆனால் நிறமியே இல்லாத மெலனோமாவும் உண்டே! அது நல்ல வேஷக்காரன். ஒருநாள் கார்சினோமா மாதிரி இருக்கும், ஒருநாள் லிம்போமா மாதிரி. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. பெயர் தப்பினால் மருந்தும் தப்பும்.

இங்கேதான் மார்க்கர்கள் வருகின்றன. செல்லுக்குள் இருக்கும் குறிப்பிட்ட புரதத்தை ஆன்டிபாடி தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும்; ஒட்டிய இடம் நிறமாகும். எஸ்-100 என்பது 1965-இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்த புரதம். அம்மோனியம் சல்பேட்டின் 100 சதவீத நிறை கரைசலிலும் கரைந்து நின்றதால் அந்தப் பெயர். மெலனோமாவை அது பெரும்பாலும் தவறவிடாது. ஆனால் நரம்புறைக் கட்டிகளையும் சேர்த்துக் காட்டிவிடும். 1986-இல் வந்த எச்.எம்.பி.-45 அதற்கு நேர் எதிர். கண்ட இடத்தில் ஒட்டாது, ஆனால் சில மெலனோமாக்களைக் கோட்டைவிடும். சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டி என்று நாம் படித்ததே இதுதானே! ஆகவே ஒன்றை மட்டும் நம்பாமல் மெலன்-ஏ, சாக்ஸ்-10 இவற்றையும் சேர்த்துப் போடுவார்கள். கார்சினோமாவுக்கு சைட்டோகெரட்டின், லிம்போமாவுக்கு சி.டி.-45 என்று எதிர்த்தரப்புச் சாட்சிகளையும் விசாரிப்பார்கள்.

இனி எங்கள் தொல்லையைக் கேளுங்கள். வழக்கமான சாயமான டி.ஏ.பி. தருவது பழுப்பு. மெலனின் நிறமியும் பழுப்பு! பழுப்பின் மேல் பழுப்பு விழுந்தால் எது சாயம், எது சரக்கு? அதற்குத்தான் சிவப்புச் சாயம் போடுவது, அல்லது நிறமியை முதலில் வெளுப்பது. இன்னொரு தொல்லை, ஆல்கஹாலில் போட்ட ஸ்லைடில் எஸ்-100 கரைந்து வெளியேறி, இருந்தும் இல்லாதது போல் காட்டலாம். ஃபார்மலினில் பதப்படுத்திய செல் பிளாக் இருந்தால் தொல்லை குறைவு. ஸ்லைடை எதில் போட்டு அனுப்பினார்கள் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும், பாவம்!

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த நான்கு மார்க்கர்களும் செல்லின் குலத்தைச் சொல்லும், குணத்தைச் சொல்லாது. சாதாரண மச்சத்திலும் மெலன்-ஏ ஒட்டும். குணத்தைச் சொல்ல பிரேம் என்ற மார்க்கர் 2018-க்குப் பின் ஓரளவு கைகொடுக்கிறது. அதுவும் சில மெலனோமாவில் வராது, சில மச்சத்தில் வந்துவிடும்.

ஆன்டிபாடி விலை அதிகம், கன்ட்ரோல் ஸ்லைடை விட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆன்டிபாடி போடாத ஸ்லைடிலும் பழுப்பு தெரிந்தால் அது நிறமி என்று அந்த ஒரு கண்ணாடித் துண்டுதான் சொல்லும். அது இல்லாத ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று எழுதியிருந்தால், நோயாளியின் மகன் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவான்? சர்வீசுக்குப் போனால் கன்ட்ரோல் எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன்.

சாப்பாட்டு வாசனை இங்கேயே வருகிறது. கேள்விகளைப் பந்தியில் வைத்துக்கொள்வோம்.