கடனுக்கு முன் கணக்கு



நம்ம வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு காசாக ஏறக்குறைய 10 மாசம் ஆகும். நடும்போது வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கினால், அவர் சொல்ற விலைக்குத்தான் கிழங்கைக் கொடுக்கணும். நூத்துக்கு மாசம் 5 ரூபாய் வட்டிக்கு 10,000 வாங்கினால், 10 மாசத்துல வட்டியே 5,000.

சின்னச் செலவுக்கு குழுவிலேயே உள்கடன் எடுங்க. அந்த வட்டி நம்ம குழுவுக்கே சேரும். பெரிய செலவுக்கு வங்கியில் குழுக்கடன் கேட்போம். 10 லட்சம் வரை அடமானம் வேண்டாம். தனியா கடை, தையல் தொடங்க முத்ரா கடன் இருக்கு. அதில் சிசு பிரிவில் 50,000 வரை கிடைக்கும்.

ஆனா கிழங்குக் காசு வருஷத்துக்கு ஒரு தடவை, தவணை மாசாமாசம். எந்த வருமானத்துல தவணை கட்டுவோம்னு முதல்ல நோட்டுல எழுதுங்க. ஒருத்தர் தவணை நின்னா, குழுவுக்கே அடுத்த கடன் தள்ளிப்போகலாம்.