யாருக்கு எந்தத் தொழில்?



நினைவுச் சொற்பொழிவில் தையல் எந்திரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நம் சேரிகளுக்குப் பயிற்சித் திட்டம் வந்தால் கூடவே தையல் எந்திரமும் வந்துவிடுகிறதே! சில மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம். தையலை நாம் குறைத்துப் பேசவில்லை. அதைக் கற்றுக் குடும்பத்தை நிமிர்த்திய பெண்கள் நம்மிடையே உண்டு. ஆனால் ஒரே தெருவில் இருபது பேருக்கு அதையே கற்றுக்கொடுத்தால் யார் ரவிக்கையை யார் தைப்பது? ஊர்த்தெருவிலிருந்து துணி வருமா? கடைவீதியில் நமக்குக் கடை வாடகைக்குக் கிடைக்குமா?

நம் பெண்களுக்குத் திறன் இல்லை என்றுதான் இத்திட்டங்கள் தொடங்குகின்றன. நாற்று நடுகிறவளும் சூளையில் கல் அறுக்கிறவளும் திறனற்றவர்களா? அப்படிச் சொன்னால் கூலி கொடுப்பவருக்கு லாபம்.

2018-இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளிக்குச் சத்துணவுச் சமையலராக அருந்ததியர் பெண் ஒருவர் வந்தார். ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தது. போராட்டம் எழுந்த பிறகே அது ரத்தானது. அவருக்குச் சமைக்கத் தெரியாமலா போயிற்று? அங்கே பயிற்சி தேவைப்பட்டது அவர் சமைத்ததை மறுத்தவர்களுக்கு.

ஆகவே பயிற்சியே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அதை உரிமையாகக் கேட்போம். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவைப் படியுங்கள். பட்டியலில் பெயர் ஏறியவருக்கோ, அவர் குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ தொழிற்பயிற்சி. அக்காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகை. மாற்றுத் தொழிலுக்கு மானியமும் சலுகைக் கடனும். உலர் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்ய வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 'குடும்பத்தில் ஒருவர்' என்ற வாசகத்தைக் காட்டி அவர்கள் பங்கை மகனுக்குத் திருப்பிவிடவும் இடமிருக்கிறது, கவனியுங்கள்.

தகுதியோடு 'விருப்பம்' என்ற சொல்லும் அப்பிரிவில் இருக்கிறது. என்ன பயிற்சி என்பதை அலுவலகத்தில் முடிவுசெய்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவது அந்தச் சொல்லுக்கு எதிரானது. ஆட்டோ ஓட்ட விரும்புகிறவளுக்கு ஓட்டுநர் உரிமமும் வண்டிக்கடனும் வேண்டும். கடை வைக்க விரும்புகிறவளுக்குப் பேருந்து நிலையத்தில் இடம் வேண்டும். மாணவர்களே, பட்டியலில் பெயர் விடுபட்ட பெண்களைத் தேடிப் போங்கள். அவர்கள் சொல்வதை மனுவாக எழுதுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஆட்சியர் அலுவலகம் வரை அவர்களோடு நாமும் போவோம்.