அரிசிப் பொரிக்குள் பார்லி

கடித்தால் மொறுமொறுவென்று நொறுங்குகிற சாக்லேட் இருக்கிறதே, அதைக் குளூட்டன் ஆகாதவர்கள் சாப்பிடலாமா?

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை போன்ற தானியங்களில் உள்ள புரதம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அது உள்ளே போனால் சிறுகுடலின் உட்சுவரே சிதைந்துபோகும். கிட்கேட் மாதிரி வேஃபர் வைத்தது வேண்டாம் என்று அவர்களுக்கே தெரியும். வேஃபர் கோதுமை மாவுதானே! ஏமாற்றுவது அரிசிப் பொரி போட்ட சாக்லேட். "அரிசிதானே, என்ன செய்துவிடும்?" என்று வாங்கிவிடுவார்கள்.

அரிசி ஒன்றும் செய்யாது. அதோடு சேர்க்கிற மால்ட்தான் வில்லங்கம். பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி எடுப்பது மால்ட். பொரிக்குப் பொன்னிறமும் வறுத்த வாசனையும் அதனால்தான் கிடைக்கிறது. அமெரிக்காவில் பேர்பெற்ற கிரஞ்ச் சாக்லேட்டின் பொரியிலும் பார்லி மால்ட் உண்டு. இதையெல்லாம் உறையில் கடுகு அளவு எழுத்தில்தான் போடுவார்கள், அது வேறு விஷயம்!

"கோதுமை இல்லை" என்ற வரியை மட்டும் நம்பவும் முடியாது, பார்லி இருக்கலாமே. "குளூட்டன் இல்லாதது" என்று போட வேண்டுமானால், இந்திய விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

சீலியாக் உள்ள குழந்தைக்குப் பிறந்தநாள் சாக்லேட் கொடுக்கப் போகிறீர்களா? உறையில் "குளூட்டன் இல்லாதது" என்று போட்டிருக்கிறதா எனப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.